எந்தக் கிளாரினெட் என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

இரண்டில் எந்தக் கிளாரினெட்டை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு ஒலிப்பதிவுகளையும் கேட்டேன். முதல் கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயி கேட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு நாதம். இரண்டாவது சாதுவாக, கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது. ஆனால் சுருதி சுத்தம் என்கிறாய். நான் ஒரு முறை முதல் வகையை வாங்கிப் பட்டவன். அந்தச் சூடு இந்தக் கடிதத்திலும் இருக்கும், பொறுத்துக்கொள்.

22 வயதில் நாதத்துக்கு மயங்கி ஒன்றை வாங்கினேன். தனியாக ஊதும்போது யாருக்கும் எல்லாம் சுருதியில்தான் இருக்கும். குழுவில் உட்கார்ந்த முதல் நாளே பக்கத்தில் ஓபோ என்ற குழல் வாசிப்பவர் திரும்பிப் பார்த்தார். நடுவில் வரும் ஏ, பி ஃபிளாட் என்ற சுரங்கள் இரண்டும் சுருதிக்கு மேலே ஏறி நின்றன. வாயில் வைக்கும் மௌத்பீஸுக்கு அடுத்துள்ள ‘பேரல்’ என்ற குட்டிக் குழாயை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் அவை இறங்கும்தான், ஆனால் சரியாக இருந்த சுரங்களும் கூடவே இறங்கும். அப்புறம் சுரத்துக்குச் சுரம் உதட்டைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாகவே பல வருடம் ஓடியது. அந்த இழுபறியில், எந்த நாதத்துக்காக வாங்கினேனோ அது வெளியே வரவே இல்லை. சுருதி வேறு, நாதம் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

விரலை மாற்றாமல் ஊதி எகிற வைத்தால் புல்லாங்குழல் ஒரு ஸ்தாயி மேலே போகும். கிளாரினெட் ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு பஞ்சமமும் தாவும். கீழே எஃப் பிடித்து, இப்படித் தாவ வைக்கும் ரெஜிஸ்டர் சாவியைத் தொட்டால் மேலே சி வரும். அந்தச் சாவிக்கு அடியில் இருப்பது ஒரே ஒரு சின்னத் துளை. அது அத்தனை சுரங்களுக்கும் பொதுவாக உழைக்க வேண்டும்; போதாததற்கு பி ஃபிளாட்டும் அதன் வழியாகத்தான் வருகிறது. எல்லாவற்றுக்கும் சரியான இடத்தில் ஒரே துளையைப் போட முடியாது, அதனால் எந்தக் கிளாரினெட்டும் முழுச் சுத்தமில்லை. 1955இல் வந்த பஃபே நிறுவனத்தின் ஆர்13 கிளாரினெட், குழாயின் உள்விட்டத்தைப் படிப்படியாக மாற்றிப் பெயர் வாங்கியதும் இந்தத் தாவலைச் சீராக்கியதால்தான்.

கீழ்ச் சுரத்துக்கும் தாவி வரும் மேல் சுரத்துக்கும் உள்ள இந்த இடைவெளி குழாயிலேயே அமைந்துவிட்ட குணம், பிறகு பெரிதாகத் திருத்த முடியாது. ஏறி நிற்கும் ஒரு சுரத்தை அதன் துளையில் துளி மெழுகோ ஒட்டுப்பட்டையோ வைத்து இறக்கலாம். இறங்கி நிற்பதை ஏற்றத் துளையைச் சுரண்ட வேண்டும். சுரண்டியது திரும்பி வராது. நாதம் அப்படியில்லை. மௌத்பீஸ், அதில் கட்டும் நாணல் தகடான ரீட், உன் வாய், இந்த மூன்றும் மாறினால் வெளுத்த குழாயும் நிறம் பிடிக்கும். ஓரளவுக்குத்தான், கட்டையாய் ஒலிப்பது தேனாகாது. உன் இரண்டாவது அப்படிக் கட்டையாய் ஒலிக்கவில்லை என்றுதான் படுகிறது.

அதற்காகச் சுருதி அளந்து காட்டும் ட்யூனரின் முள்ளுக்கு அடிமையாகாதே. நாலைந்து சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) விலகினால் குடி முழுகாது. முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உன் உதடு உன்னை அறியாமல் அதைத் திருத்திவிடும். கண்ணை மூடி ஊது, எண்களை வேறு யாராவது குறிக்கட்டும். அதற்கு முன் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்று. குளிர்ந்த குழாய் இறங்கித்தான் பேசும். மெதுவாகத் தொடங்கி உரக்கப் போ. உரக்க ஊதினால் கிளாரினெட் இறங்கும், மெதுவாக ஊதினால் ஏறும். அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்.

நாதத்தை உன் காதை வைத்து மட்டும் எடை போடாதே. மேல் பற்கள் மௌத்பீஸில் பதிந்திருப்பதால் ஒலியில் ஒரு பகுதி எலும்பு வழியாகவே உனக்கு வந்துவிடும். வேறொருவர் ஊத, நீ அறையின் அந்தக் கோடியில் நின்று கேள்.

ஒரு சந்தேகம். இரண்டாவதை ஊதியபோது அதனுடன் வந்த மௌத்பீஸைத்தானே போட்டிருந்தாய்? அப்படியானால் இந்த ஒப்பீடே செல்லாது. அடுத்த முறை போகும்போது உன் பழைய மௌத்பீஸையும் நன்றாகப் பழகின ரீட் இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. கீழ் எஃப்பையும் மேல் சி-யையும் மாற்றி மாற்றி ஊதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா