ஒரு ஆளுக்கு 208 ரூபாயில் எழுத்தறிவா?

ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் வயது வந்தோர் கல்விப் பிரிவினருக்கு வணக்கம்.

லடாக், மிசோரம், கோவா என்று 2024 முதல் 'முழு எழுத்தறிவு' அறிவிப்புகள் வரிசையாக வருகின்றன. 95 சதவீதம் தொட்டாலே முழுமை என்பது உங்கள் கணக்கு. சரி, இருக்கட்டும். அண்டை நாடுகளோடு சதவீதத்தை ஒப்பிடும் அட்டவணைகளை மட்டும் நம்பாதீர்கள். நாம் 7 வயதிலிருந்து எண்ணுகிறோம். நேபாளம் 5 வயதிலிருந்து, இலங்கை 10 வயதிலிருந்து. யார் எதற்குக் காசு செலவழித்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இலங்கையில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945லேயே பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்விக்கு வழி செய்துவிட்டார். நம் கல்வி உரிமைச் சட்டம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் பள்ளியைத் தவறவிட்டவர்கள்தான் இன்று உங்கள் வயது வந்தோர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வங்கதேசத்தைப் பாருங்கள். 1994இல் கிராமத்து மாணவிகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகையை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், பள்ளி முடியும்வரை கல்யாணம் கூடாது என்று மூன்றே நிபந்தனைகள். பணம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழுந்தது. அப்பன் கையில் கொடுக்கவில்லை, கவனியுங்கள். படிக்க அனுப்பினால் வீட்டுக்கு நஷ்டம் என்பதை அந்த அரசு ஒப்புக்கொண்டு ஈடு கட்டியது.

உங்கள் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமோ 2022 முதல் 2027 வரை 5 கோடிப் பேருக்கு 1,037.90 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 208 ரூபாய். கற்பிப்பவர் செயலியில் பதிவு செய்த தன்னார்வலர், சம்பளம் இல்லை. முந்தைய சாக்ஷர் பாரத் திட்டத்தில் கல்வி மையத்தை நடத்திய ஊக்குநருக்கு மாதம் 2,000 ரூபாயாவது இருந்தது. 2018இல் அதுவும் போயிற்று. கற்பவரோ வேலை முடிந்து, சோறாக்கி வைத்துவிட்டுப் பென்சில் பிடிக்க வருகிறார்.

தொண்ணூறுகளின் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் தொண்டர்கள் சும்மாதானே வந்தார்கள் என்பீர்கள். வந்தார்கள்தான். ஆனால் அப்போது புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியரே முன்னின்று நடத்தினார். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். ஒரு செயலி அந்த வேலையைச் செய்யாது.

அடுத்த திட்டத்தில் இரண்டு வரிகள் சேருங்கள்: கற்பிப்பவருக்கு மாத மதிப்பூதியம், வருகையைப் பொறுத்துக் கற்பவரின் சொந்தக் கணக்கில் உதவித்தொகை. தேர்ச்சி பெற்றவரிடம் இரண்டு வருடம் கழித்து ஒரு ரேஷன் கடை அறிவிப்பைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முழு எழுத்தறிவு அறிவிப்பை அதற்கு அப்புறம் வெளியிடலாம்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஒரு தன்னார்வலர்