‘நரம்புச் சுருட்டலு’க்கு எண்ணெய் மருந்தாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், மருத்துவப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் வெளிவந்த ஓர் எண்ணெய் விளம்பரமே என்னை இக்கடிதம் எழுத வைத்தது. காலில் புடைத்துச் சுருண்டிருக்கும் ‘நரம்புகளை’ அந்த எண்ணெய் 21 நாளில் கரைத்துவிடும் என்றும், காலையும் மாலையும் அழுத்தி உருவிவிட வேண்டும் என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னந்தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் 32 ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக, தோட்டத்து வழக்கில் சொல்வதானால் ‘டிரெசராக’, வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஊத்தான் மெலிந்தாங்கில் குடியிருப்பவன் நான். அந்த எண்ணெயை வாங்கப் போகிறவர்களின் கால்களை எனக்குத் தெரியும். அவற்றில் பலவற்றுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். சரியாகப் போட்டேனா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு, மூளையின் செய்தியைச் சுமந்து செல்லும் இழையும் நரம்பு, புறங்கையில் பச்சையாகத் தெரியும் குருதிக்குழாயும் நரம்பு என்று ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டோம். மலாய்க்காரர்களும் ‘உராட்’ என்னும் ஒரே சொல்லால் குருதிக்குழாய், நரம்பு, தசைநாண் ஆகிய மூன்றையும் சுட்டுவதால், இரு மொழியும் புழங்கும் தோட்டத்தில் குழப்பம் இரட்டிப்பாகிறது. நரம்பு என்றதும் நரம்புத் தளர்ச்சிக்கான டானிக், வைட்டமின் ஊசி, முடிச்செடுத்து உருவிவிடும் கிழவர் என்றுதான் மனம் போகிறது. ஆனால் பழுதுபட்டிருப்பது சிரை. அதாவது, காலுக்கு வந்த குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைச் சிரை என்கின்றன. இலங்கைத் தமிழர் நாளம் என்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தங்கள் நாளிதழ் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பயன்படுத்தினால் வாசகர் பழகிக்கொள்வர். கிளினிக்கில் ‘வெரிகோஸ் வெயின்’ என்று காதில் விழுவதும் இதுவே என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

குருதி காலுக்கு இறங்குவது எளிது. இதயம் அழுத்தித் தள்ளுகிறது. ஏறுவதற்குத்தான் ஏற்பாடு வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, உள்ளிருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து குருதியை மேலே அனுப்புகிறது. ஏறியது மீண்டும் இறங்காதபடி சிரைகளுக்குள் இருக்கும் மெல்லிய வால்வுகள் மூடிக்கொள்கின்றன. இதற்கு உவமை தேடி நாங்கள் அலைய வேண்டியதில்லை. எங்கள் கடலோரத் தோட்டங்களின் வாய்க்கால் முனையில் ‘பிந்து ஆயர்’ எனப்படும் மடைக்கதவு தொங்குகிறது. கடல் வற்றும்போது வாய்க்கால் நீர் அக்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது உப்புநீரே அதை அழுத்திச் சாத்திவிடும். கதவின் கீல் இற்றுப்போனால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னையின் வேர்வரை உப்பு வந்து நிற்கும். காலிலும் அப்படியே. வால்வு சரியாக மூடாதபோது குருதி பின்னோக்கி வழிந்து தேங்க, தோலுக்கு அடியிலுள்ள சிரைகள் விரிந்து, நீண்டு, இடம் போதாமல் சுருள்கின்றன.

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். நலமான காலாயின், அவர் நடக்கத் தொடங்கியதும் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. பகல் முழுவதும் அந்தச் சுமை தோலின் நுண்குழாய்களை முட்டிக்கொண்டே இருக்கிறது. மாலையில் கால் கனப்பதும், கணுக்கால் வீங்குவதும், இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதும் இதனால்தான். இவ்வால்வுகளைப் பற்றி இத்தாலியின் பாதுவா நகரத்து உடற்கூற்றியல் ஆசிரியர் ஃபப்ரீசியஸ் 1603-இல் எழுதினார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, குருதி உடலெங்கும் ஒரே திசையில் சுற்றி வருகிறது என்பதற்கு இவற்றையே 1628-இல் சான்றாகக் காட்டினார். நானூறு ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி இது. தோலின்மேல் தடவும் எண்ணெய் எதுவாயினும், உள்ளே இற்றுப்போன வால்வைத் திரும்பச் சாத்த அதனால் இயலாது.

இந்நோய் யாருக்கு வருகிறது என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. வயது, உடற்பருமன், நெடுநேரம் நிற்கும் வேலை, முன்பு ஆழ்சிரையில் குருதி உறைந்திருப்பது ஆகியவையும் சேர்கின்றன. கருவுற்ற பெண்களுக்குச் சுரப்புநீர் மாற்றத்தால் சிரைச் சுவர் தளர்வதாலும், கருப்பை மேலிருந்து அழுத்துவதாலும் புடைப்பு தோன்றும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் பெரும்பாலும் குறையும். அதனாலேயே இதைப் ‘பொம்பளை வியாதி’ என்று நம்மவர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரையுள்ளோரிடம் நடத்தி 1999-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முதன்மைச் சிரைகளில் புடைப்பு இருந்தோர் ஆண்களில் 40 விழுக்காடு, பெண்களில் 32 விழுக்காடு. எங்கள் பக்கத்தில், கூரிய இரும்பில் குத்திக் குத்தி நாளெல்லாம் நின்றபடியே தேங்காய் உரித்த ஆண்களிடம் நான் கண்ட கால்களை நினைத்தால், அந்த எண்ணிக்கை எனக்கு வியப்பளிக்கவில்லை. கால்சட்டையும் கைலியும் மறைத்துவிடுவதால் ஆண்கள் தாமதமாக வருகிறார்கள், அவ்வளவே.

புடைப்பு மட்டும் இருந்து வேறு தொல்லை இல்லாதவர் அஞ்ச வேண்டியதில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கத்துத் தோல் பழுப்பாக மாறி, அரித்து, மரப்பட்டை போல் இறுகத் தொடங்கினால் அதுதான் எச்சரிக்கை. அடுத்து வருவது புண். ஒரே ஒரு கால் திடீரென வீங்கி, சூடேறி, வலித்தால் ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவிவிட்டால் உறைகட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 999 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். விளம்பரத்தில் ‘அழுத்தி உருவுங்கள்’ என்றிருந்த வரிதான் எண்ணெயைவிட எனக்கு அச்சமூட்டியது.

குருதிப்போக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுக் குளியலறையில் பெரியவர் ஒருவருக்குக் கணுக்காலருகே புடைத்திருந்த சிரை கீறி, தரையெல்லாம் சிவப்பாகிவிட்டது. ஓடிவந்தவர்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டினார்கள். நல்ல மனம்தான், ஆனால் குருதி மேலேறும் வழியையே அக்கட்டு அடைத்துவிட்டதால் ஒழுக்கு கூடியது. நான் போய்த் துண்டை அவிழ்த்து, அவரைத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, மடித்த துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியதும் நின்றது. வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் இப்படிக் குருதி இழந்து இறந்ததும் உண்டு. படு, காலைத் தூக்கு, அழுத்து என்று மூன்று சொல்லில் கற்றுக்கொடுக்கக்கூடியதை நாம் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

இனி என் குறையைச் சொல்கிறேன். ஆறாத கால் புண்ணோடு என்னிடம் வந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் புண்ணைக் கழுவி, மருந்து தடவி, துணி வைத்து லேசாகக் கட்டி அனுப்பினேன். சிலரைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன் அதிகாலையில் வரச்சொல்லி, வாரம் மூன்று முறை கட்டு மாற்றியிருக்கிறேன். புண்ணுக்குக் காரணம் மேலே தேங்கி நிற்கும் அழுத்தம். அதைக் குறைக்காமல் புண்ணை மட்டும் பார்த்தது, மடைக்கதவை விட்டுவிட்டு வாய்க்காலை இறைத்த வேலை. விரலடியிலிருந்து முழங்கால்வரை அடுக்கடுக்காகச் சுற்றும் அழுத்தக் கட்டுதான் இப்புண்ணுக்கு அடிப்படை மருத்துவம் என்பதை, பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பயிற்சியின்போதே கற்றேன். அதன்பின் நான்காண்டுப் புண் ஒன்று நான்கு மாதத்தில் மூடியதைப் பார்த்தபோது, மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்தது.

அழுத்தக் கட்டோடு சிரையையும் விரைவாகச் சரிசெய்வது மேலும் நல்லது. பிரிட்டனில் 450 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், புண் ஆறும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே சிரைக்கு மருத்துவம் செய்துகொண்டவர்களில் பாதிப்பேரின் புண் 56 நாளுக்குள் ஆறியது. காத்திருந்தவர்களுக்கு அதற்கு 82 நாள் ஆனது.

ஆனால் நம்மவர்க்கு இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிகுதி. நீரிழிவுக்காரரின் பாதத்திலும் விரலிலும் வரும் புண் வேறு வகை. அவர்களில் பலருக்குக் காலுக்குக் குருதி கொண்டுவரும் தமனியே அடைபட்டிருக்கும். அத்தகைய காலில் இறுக்கமான கட்டோ உறையோ போட்டால் தோல் செத்துவிடும். ஆகவே கட்டுவதற்கு முன், கணுக்காலின் குருதி அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு அளந்து பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் தொங்கும் அழுத்தக் காலுறையைப் பார்த்தவுடன் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். மருத்துவர் அனுமதித்தபின் அணிவோர், காலையில் வீக்கம் ஏறுவதற்குமுன் மாட்டி இரவில் கழற்றலாம். நம் வெயிலில் அது தொல்லைதான், மறுக்கவில்லை. ரப்பர் கையுறை அணிந்துகொண்டு இழுத்தால் உறை வழுக்காமல் ஏறும். கையுறை செய்து உலகுக்கு அனுப்பும் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

சிரைக்குச் செய்யும் மருத்துவமோ இன்று வெகுவாக மாறிவிட்டது. முதலில் நோயாளியை நிற்க வைத்து அல்ட்ராசவுண்ட் கருவியால் எந்த வால்வு கசிகிறது என்று பார்ப்பார்கள். பின்னர், கால் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலைவரிசை வெப்பத்தால் அதை உள்ளிருந்தே மூடிவிடுவார்கள். சிரையை நுரைமருந்து செலுத்திச் சுருங்க வைப்பதும், ஒருவகைப் பசையால் ஒட்டுவதும் உண்டு. பெரும்பாலோர் அன்றே நடந்து வீடு திரும்புகிறார்கள். முழு மயக்கம் கொடுத்துச் சிரையை உருவி எடுக்கும் பழைய அறுவையும் தேவைப்படுவோர்க்கு இன்னும் செய்யப்படுகிறது. கன்றிப்போதல், சிறிது மரப்பு, அரிதாகக் குருதி உறைவு ஆகிய பக்கவிளைவுகள் உண்டு. சில ஆண்டுகளில் வேறொரு சிரை புடைப்பதும் உண்டு.

“நரம்பை மூடிவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும், டிரெசர் ஐயா?” என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. நியாயமான கேள்வி. காலின் குருதியில் பெரும்பகுதி ஆழ்சிரைகள் வழியாகவே திரும்புகிறது. மூடப்படுவது, வேலையே செய்யாமல் பின்னோக்கிக் கசியும் மேற்சிரை மட்டும். இதய பைபாஸ் அறுவைக்குத் தொடையிலிருந்தும் கெண்டைக்காலிலிருந்தும் ஒரு குழாயை எடுக்கிறார்களே, அதுவும் நெடுஞ்சிரை எனப்படும் இதே மேற்சிரைதான். பைபாஸ் செய்துகொண்ட உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் நம் ஊரில் ஏது? காலில் நீளத் தையல் தழும்போடு கோவில் சுற்றி நடக்கும் அவர்களைக் காட்டித்தான் நான் பலரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். தொடக்கத்துக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்து, மேற்பரிந்துரைக் கடிதம் கேட்டால் போதும். காத்திருப்பு நீளும், புண்ணோ குருதிப்போக்கோ இருந்தால் அதை மறைக்காமல் சொன்னால் வரிசை மாறக்கூடும்.

வேலையிடத்தைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பெண்கள் இன்று பேரங்காடியிலும் தொழிற்சாலையிலும் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நிரை நிரையாக நடந்து பால்மரம் வெட்டிய, அதாவது மரத்தைச் சீவி ரப்பர் பால் எடுத்த, அவர்களின் பாட்டிமாருக்காவது கெண்டைக்கால் தசை வேலை செய்துகொண்டிருந்தது. நின்றபடி செய்யும் வேலைக்கென நம் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2002-இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டமே இயற்றின. கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி வைப்பதற்கு நம் முதலாளிகளுக்கு என்ன தடை என்பதைத் தொழிற்சங்கத்தார் கேட்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. விளம்பர வருவாய் இல்லாமல் தமிழ் நாளிதழ் நடத்த முடியாது என்பதை அறிவேன். ஆனால் இத்தகைய விளம்பரங்களை மருத்துவப் பக்கத்தில் வெளியிட வேண்டாம். மருத்துவர் எழுதிய கட்டுரைக்குக் கீழே வருவதால் அதையும் மருத்துவர் சொன்னதாகவே எங்கள் பகுதிப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். விளம்பரத்தைக் கத்தரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அதிலுள்ள இரு படங்களையும் சற்று உற்றுப் பாருங்கள்: ‘முன்’ என்பதன் கீழ் இருப்பது இடது கால், ‘பின்’ என்பதன் கீழ் இருப்பது வலது கால்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.