'கடுமையான' நிமோனியா: எந்த ஆண்டுக் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளிடையே கடுமையான நிமோனியா குறைந்துவிட்டது, 2021-இல் தமிழகத்துக்கு வந்த நியூமோகாக்கல் (நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான) தடுப்பூசிதான் காரணம் என்று செய்தி படிக்கிறோம். தடுப்பூசியின் பலனில் சந்தேகமில்லை. ஆனால் 2012-ஆம் ஆண்டின் எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதற்கு முன், 'கடுமையான' என்ற சொல்லுக்கு அப்போது என்ன பொருள், இப்போது என்ன பொருள் என்று பார்த்தாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வரையறைப்படி, இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு இருமலோடு, மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலே அது கடுமையான நிமோனியா. 2014 திருத்தத்துக்குப் பின் அது வெறும் நிமோனியா. வீட்டில் வைத்தே அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கலாம். பால் குடிக்க முடியாமை, வலிப்பு, நினைவு மங்குதல், எது கொடுத்தாலும் வாந்தி போன்ற ஆபத்து அறிகுறி ஒன்றாவது இருந்தால்தான் 'கடுமையான'.

ஒரு கற்பனைக் கணக்கு: நிமோனியாவோடு 100 குழந்தைகள். 60 பேருக்கு வேக மூச்சு மட்டும். 30 பேருக்கு நெஞ்சு உள்வாங்குகிறது. 10 பேருக்கு ஆபத்து அறிகுறி. பழைய முறையில் 40 பேர் கடுமை, புதிய முறையில் 10 பேர். ஒரு குழந்தைக்கும் உடம்பு தேறாமலேயே எண்ணிக்கை நான்கில் ஒன்றாகிவிட்டது! அந்தப் பத்துப் பேரில் இருவர் இறந்தால், பழைய முறையில் (40-க்கு 2) 5 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 20 ஆகும். பழி வார்டின் மேல் விழும்.

வரையறை மாறாவிட்டாலும் அளக்கும் விதம் எண்ணை மாற்றும். மூச்சை முழு 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே 4 கூடும் அல்லது குறையும். வேக மூச்சுக்கு, ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் 40 என்ற வரம்பைத் தாண்ட அது போதும். அழும் குழந்தையிடம் எண்ணக் கூடாது. நெஞ்சு உள்வாங்குவதைச் சட்டையைத் தூக்கித்தான் பார்க்க முடியும். உசிலம்பட்டிப் பக்கம் தாய்மார் 'இழுப்பு' என்று சொல்வது இதுவாகவும் இருக்கலாம், வீசிங்காகவும் இருக்கலாம். வீசிங் என்றால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்துவிட்டு மறுபடி எண்ணினால் பல நேரம் மூச்சு தணிந்துவிடும். அதற்கு முன் எழுதிய பதிவோ நிமோனியாவாகவே நிற்கும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்த இடத்தில் இதற்கு நேர்மாறு: ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழ் என்று புதிதாகப் பிடிபடும் குழந்தைகளால் 'கடுமை' கூடும். சில்லிட்ட பாதத்தில் மாட்டினால் அதுவும் பொய் சொல்லும்.

ஆகவே ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், மூச்சு எண்ணிக்கை, நெஞ்சு உள்வாங்கல், ஆபத்து அறிகுறி, ஆக்சிஜன் அளவு, வீசிங் மருந்துக்குப் பிந்தைய எண்ணிக்கை என்று தனித்தனிக் கட்டம் வேண்டும். அவை இருந்தால் எந்த ஆண்டுப் பதிவையும் எந்த வரையறையிலும் திரும்ப எண்ணிப் பார்த்துவிடலாம்.

— ஒரு வாசகர், திருமங்கலம்