பகுதியும் தொகுதியும்

கோபி,
பங்குனி, சனிக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

நலம். உன் அம்மாவின் முழங்கால் முன்புபோலத்தான் இருக்கிறது. வலி குறைந்ததோ இல்லையோ, தைலம் வீடெங்கும் மணக்கிறது. செவலை போன வெள்ளிக்கிழமை கிடாரிக் கன்று ஈன்றது. மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது. பண்ணாரி குண்டத்துக்கு வருவீர்கள் என்று அம்மா அரிசி ஊறவைத்துக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். நீங்கள் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

போனில் சொல்லக்கூடியதைக் கிழவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று நினைக்காதே. நான் போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது ஸ்பீக்கரில் பேசக்கூடியது இல்லை.

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. மாப்பிள்ளை தயாரித்தது என்று பார்த்ததும் தெரிந்தது. 11 பள்ளிகள், ஏழு கட்டங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு, பன்னிரண்டின் தேர்ச்சி விழுக்காடு, நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள், நீட் மதிப்பெண், கட்டணம், வீட்டிலிருந்து தூரம், கடைசியில் மொத்தமாக ஒரு ரேங்க். முதல் மூன்று இடங்களுக்குப் பச்சை நிறம் பூசியிருக்கிறார். கவனமான மனிதர், அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். பட்டியலுக்கு அடியில் நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: “அப்பா, இதில் எது நல்ல பள்ளி?”

மூன்று நாளாக அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு கணக்கு வாத்தியாராகவும் தலைமையாசிரியராகவும் இருந்த அப்பனிடம் கேட்கிறாள் என்று முதல் நாள் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் அந்தப் பெருமை போய்விட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பட்டியல். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. கட்டுத்தரை மண்ணில் குச்சியால் கோடு கிழித்து உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தேர்ச்சி விழுக்காடும் ஒரு பின்னம்தான். தேறியவர்கள் மேலே, எழுதியவர்கள் கீழே. ஒரு பள்ளி இந்தப் பின்னத்தைப் பெரிதாக்க நினைத்தால் இரண்டு வழி உண்டு. மேலே உள்ளதைக் கூட்டலாம். அதற்கு மாலை வகுப்பு வேண்டும், தோற்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எங்கே வழுக்குகிறான் என்று பார்க்கும் பொறுமை வேண்டும், ஓர் ஆண்டு வேண்டும். கீழே உள்ளதைக் குறைக்க ஒரு பிற்பகல் போதும். பட்டியலில் இருக்கும் எந்த எண்ணும் பள்ளி எந்த வழியில் போனது என்று சொல்லாது. ஆகவே 100 என்று போட்டிருக்கும் பள்ளிகளில் ஒன்றைக் கேள்: இரண்டு ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டு எண் மட்டும் போதும். முகத்தைச் சுளித்தால் அதுவே பதில்.

நீட் கட்டத்தைப் பார்த்து மயங்காதே. பள்ளியை முடித்துவிட்டு வெளியே கோச்சிங் போய், இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணில் பள்ளிக்கு எவ்வளவு பங்கு, பெற்றோர் பணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நூற்றுக்கு நூறு கட்டமும் அப்படித்தான். 20 பேர் படிக்கும் பள்ளியில் இரண்டு பேர் எடுத்ததும், 400 பேர் படிக்கும் பள்ளியில் இருபது பேர் எடுத்ததும் மாப்பிள்ளையின் பட்டியலில் 2 என்றும் 20 என்றும் நிற்கின்றன. பின்னம் போட்டுப் பார்த்தால் இரண்டாவது பள்ளி முதலாவதில் பாதிதான்.

நாமக்கல் பக்கத்துப் பள்ளிகள் எப்படிப் பெருத்தன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ இருந்து பார்த்தவள். அந்த டிரங்குப் பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை, இப்போதும் வேண்டாம். பொறியியல், மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வை 2007-இல் எடுத்த பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் எல்லாம் என்றானது. பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட் ஆஃப். அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறியது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்காமலே பன்னிரண்டை இரண்டு ஆண்டு உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. அதைத் தடுக்க 2018-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டி வந்தது. எங்கள் பள்ளியில் பத்தில் முதலாவதாக வந்த ஒரு பெண்ணைக் கட்டணமே வேண்டாம் என்று சொல்லி அழைத்துப்போனார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவள் படம் அந்தப் பள்ளியின் முழுப்பக்க விளம்பரத்தில் வந்தது. ஆறிலிருந்து பத்துவரை எங்களிடம் படித்த ஐந்து ஆண்டுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்தியது. அப்போது பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் நம் கோபிக்காரர் செங்கோட்டையன். டீக்கடையில் நான் பெருமையாகப் பேசியதை உன் அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாள். ரேங்க் போனது, பசி போகவில்லை. மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு இன்றும் வருகிறது. 2024 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பில் திருப்பூர் 97.45, ஈரோடு 97.42. நம் மாவட்டம் திருப்பூரிடம் தோற்றுவிட்டது என்று கூட்டுறவுச் சங்கத் திண்ணையில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். பத்தாயிரம் பேருக்கு மூன்று பேர், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். “தோற்றது தோற்றதுதானுங்களே” என்றார்.

இதெல்லாம் நான் சொல்ல வந்தது இல்லை அம்மிணி. வாத்தியார் புத்தி, சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

பள்ளி தூரமாக இருக்கிறது, அதனால் மாற்றுகிறோம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். எல்.கே.ஜி. முதல் அதே பள்ளி, அதே வீடு. பஸ் வாசலுக்கே வருகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்து பத்துக்குப் போகும் பங்குனி மாதத்தில் திடீரென்று தூரம் கூடிவிட்டதா? நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

பொங்கலுக்குப் பேரன் வந்தபோது வாய்க்காலில் இறங்கவே இல்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீரில் தென்னை ஓலையைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மேட்டில் வரும் டிராக்டர் எந்தக் கம்பெனி என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன், அன்று இரண்டு போயும் தலை நிமிரவில்லை. பிறகு கேட்டான்: “அப்புச்சி, ஸ்லோ லேர்னர் என்பதற்குத் தமிழில் என்ன?” நான் யோசிக்கவே இல்லை. “மெல்லக் கற்போர்” என்று இலாகா பாஷையில் பதில் சொன்னேன், அகராதி மாதிரி. அவன் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்தான். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பட்டியல் வந்த இரண்டாம் நாள் இரவுதான் அது என் மண்டையில் உறைத்தது.

கூடத்தில் மாட்டியிருக்கிறதே, 2012-இன் பாராட்டுச் சான்றிதழ். அந்த விழாவுக்கு நீ வந்திருந்தாய். பேரனுக்கு ஒரு வயது. உன் இடுப்பில் இருந்தபடியே என் சால்வையின் ஜரிகையைப் பிடித்து இழுத்தான். எழுதியவர்கள் 58, தேறியவர்கள் 58. சமச்சீர் பாடம் பத்தாம் வகுப்புக்கு வந்த முதல் ஆண்டு; உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை, ஆகஸ்ட் மாதம்வரை, பிள்ளைகள் கையில் புத்தகமே இல்லை. அப்படியும் நூறு என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்த 58 பேருக்காக நான் உழைத்தது பொய்யில்லை. இரவு எட்டு மணிவரை வகுப்பு வைத்தேன், என் பணத்தில் சுண்டல் வாங்கிக்கொடுத்தேன்.

ஆனால் அந்தக் கல்வியாண்டு தொடங்கிய ஜூன் மாதம் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் 62 பேர்.

அதற்கு முந்தைய ஆண்டு 52 பேரில் 47 பேர் தேறினார்கள். மீளாய்வுக் கூட்டத்தில் விழுக்காடு குறைந்த தலைமையாசிரியர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார் ஓர் அதிகாரி. உன் வயதுதான் இருக்கும் அவருக்கு. நான் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். திரும்பி வந்த மறுநாள் நான்கு பிள்ளைகளின் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன்.

மூன்று பேரின் பெற்றோரிடம் என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. நான்காவது பையனின் அம்மா பட்டுப்புழுவுக்கு மல்பெரித் தழை வெட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே வந்தார். சேலையில் தழைத் துணுக்கு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை. “பையனுக்கு இங்கே சிரமம், டுடோரியலில் சேருங்கள், தனித்தேர்வராக எழுதட்டும், அவன் நல்லதுக்குத்தான்” என்றேன். குரலை மிக மென்மையாக வைத்துக்கொண்டேன். “நீங்கள் சொன்னால் சரிங்க சார்” என்றார். டி.சி.யில் பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் கையால் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதினேன். பையன் வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டாம் வகுப்புவரை சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும், வெளியே அனுப்ப விடாது. அதற்கு மேல் கையை விட்டுவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு பேரும் எழுதி நான்கு பேரும் தோற்றிருந்தால்கூட 93.5. போன ஆண்டைவிட மூன்று கூடுதல்தான். அந்தக் கணக்கை அன்றே போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது. உனக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும் என்று விதி.

போன மாதம் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் கடையிலிருந்து வந்தவன் அந்தப் பையன். நான்காவது பையன். முப்பதை நெருங்கிவிட்டான், முன்னந்தலை வழுக்கை. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். தனித்தேர்வு எழுதினானா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போய், இரண்டாம் நாள் கொண்டுவந்து மாட்டினான். தண்ணீர் வந்ததும் அம்மா மோர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே கேட்டான்: “சார், பையனை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். எந்தப் பள்ளியில் நூறு சதவீத ரிசல்ட் வருகிறது, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்.”

வீட்டுக்குப் பக்கத்தில் சேர் என்று மட்டும் சொன்னேன். சரிங்க சார் என்றான், அவன் அம்மாவைப்போலவே.

அதனால்தான் எழுதுகிறேன். பச்சை பூசிய மூன்று பள்ளியும் வேண்டாம். பட்டியலே வேண்டாம். ஒன்பதில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர் என்று வெளியே போய்க் கேட்பதற்கு முன்னால், இப்போது இருக்கும் பள்ளியில் அதைக் கேள். யாராவது உங்களை அழைத்து மென்மையான குரலில், பையனின் நல்லதுக்கு என்று பேசினார்களா என்று நான் கேட்க மாட்டேன். பேசியிருந்தால், டி.சி. விண்ணப்பத்தில் பெற்றோர் விருப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதே. மாப்பிள்ளையும் போட வேண்டாம். அவருக்கு வெட்கமாக இருக்கும்; ஆபீசில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், அதனால்தான் இத்தனை கட்டம் போட்டிருக்கிறார். நான் சொன்னேன் என்று சொல். வேண்டாம், சொல்லாதே, நானே பேசிக்கொள்கிறேன்.

பேரனை மட்டும் எதுவும் கேட்காதே. அவனுக்கு என்ன பாடம் வரவில்லை என்று நான் உட்கார்ந்து பார்க்கிறேன். கோடை விடுமுறை முழுக்க இங்கே இருக்கட்டும். கணக்கு என்றால் நான் இருக்கிறேன். தமிழ் என்றால் அம்மிச்சி தன் பங்குக்கு ஏதாவது உளறுவாள், சிரித்துக்கொண்டே படிப்பான்.

திங்கள்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி, சத்தியில் மாறி அன்னூர் வழியாக வந்து சரவணம்பட்டியிலேயே இறங்கிக்கொள்கிறேன். கண் பரிசோதனை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். கச்சாயம் கொடுத்து அனுப்புகிறாள், கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால், செவ்வாய்க்கிழமைக்கு அந்தத் தலைமையாசிரியரைப் பார்க்க நேரம் வாங்கி வை. அவர் என்ன பேசுவார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அன்புடன்,
அப்பா