இரண்டு கட்சிக்காரர்கள்

ஹட்டன்

அன்புள்ள சிவா,

மச்சான், பதில் தாமதம், மன்னித்துவிடு. விடாத மழை. கோர்ட்டுக்குப் போய் வந்தால் சப்பாத்து காய இரண்டு நாளாகிறது.

அமெரிக்க உளவு இரகசியங்களை வெளியே விட்ட ஸ்னோடன் மாதிரி ஒருவனுக்கு ஆஜராகக் கிடைத்தால் விடுவாயா என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் பென் விஸ்னர், மொஸ்கோவில் குச்செரேனா என்று அவருக்குப் பெரிய சட்டத்தரணிகள் உண்டு. என் மனதில் நிற்பவர் ஹொங்கொங்கில் இருந்த ரொபர்ட் டிபோதான்.

2013 ஜூனில், அமெரிக்கா கோடிக்கணக்கானவர்களின் தொலைபேசிப் பதிவுகளை அள்ளுவது ஸ்னோடனால் அம்பலமானது. அப்போது அவர் ஹொங்கொங்கில். அதற்குப் பிறகு ஹோட்டலில் இருக்க முடியுமா? டிபோ அவரை, தான் வழக்கு நடத்திய வேறு கட்சிக்காரர்களின் வீடுகளில் ஒளித்து வைத்தார். எல்லோரும் புகலிடம் கேட்டு நின்ற ஏழைகள். ஒரு பிலிப்பைன்ஸ் பெண். மற்றவர்கள் நம் இலங்கைக்காரர்கள், படையை விட்டு ஓடி வந்த ஒருவரும் அதில் உண்டு. வேலை செய்தாலே குற்றம் என்கிற நிலையில் இருந்தவர்கள், நம் தோட்டத்து லயக் காம்பரா போன்ற இடத்தில் ஓர் அந்நியனுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே யாரும் தேடமாட்டார்கள் என்ற டிபோவின் கணக்கு தப்பவில்லை.

கடவுச்சீட்டு ரத்தான ஸ்னோடன் மொஸ்கோ போய், விமான நிலையத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். கடதாசி இல்லாதவன் படும் பாடு நமக்குப் புதிதா? 1948 குடியுரிமைச் சட்டத்தோடு நம் தோட்டத்துத் தாத்தாமார் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தக் கணக்கை முடிக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டதே.

ஆனால் இடம் கொடுத்தவர்கள்? 2016இல் கதை வெளியே வந்தது. அடுத்த வருடமே அவர்களுடைய மனுக்களை ஹொங்கொங் நிராகரித்தது. பிலிப்பைன்ஸ் பெண்ணும் மகளும் 2019இல் கனடா போனார்கள், நம் நாட்டுக் குடும்பம் 2021இல். படைக்காரருக்கு அப்போதும் வழி பிறக்கவில்லை. டிபோ அவர்களுக்காக விடாமல் வாதாடினார், அதை மறுக்க முடியாது. இதற்கிடையில் அவரே ஹொங்கொங்கை விட்டுப் போனார்.

இருந்தாலும் ஒரு கட்சிக்காரனின் ஆபத்தை இன்னொரு கட்சிக்காரன் வீட்டில் கொண்டுபோய் வைப்பது சரியா? 'சட்டத்தரணி ஐயா' கேட்டால் அந்த ஏழை எப்படி மாட்டேன் என்பான்? தப்பு என்றுதான் போன மாதம் வரை அடித்துச் சொல்லியிருப்பேன்.

போன மாதம் ஒரு தோட்டத்து கிளார்க் பையன் போட்டோகொப்பிக் கட்டோடு வந்தான். தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த ஊழியர் சேமலாப நிதிப் பணம் கட்டப்படவே இல்லை. விஷயம் தெரிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். உடனே எனக்கு ஞாபகம் வந்தது யார் தெரியுமா? டிக்கோயாவில் தனியாக இருக்கும் ஓர் அம்மா. அவருடைய காணி வழக்கை நான்தான் காசு வாங்காமல் நடத்துகிறேன். போனை எடுத்து நம்பரையும் அழுத்திவிட்டேன். அவர் "சொல்லுங்க ஐயா" என்றதும் வாய் வரவில்லை. வழக்குத் தவணையைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

இப்போது பையன் எங்கள் பின்னறையில் இருக்கிறான். வசந்தா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏப்ரலில் நீ வந்தால் ஹாலில்தான் பாய், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ராஜு