பாட்டிலில் இருக்கும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது முன்பெல்லாம் சாத்துக்குடியோ ஆரஞ்சோ வாங்கிப் போவோம். இப்போது பலர் கையில் மாம்பழ பானப் பாட்டில்தான். போன மாதம் சர்க்கரை நோய்க்காகச் சேர்க்கப்பட்டிருந்த என் அத்தையின் கட்டிலருகே அப்படி மூன்று பாட்டில்கள் இருந்தன. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் பாசமானவர்கள்தான். அதில் பழத்தைவிடச் சர்க்கரை கலந்த தண்ணீரே அதிகம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு டீஸ்பூன். காபியில் யாராவது எட்டு டீஸ்பூன் போட்டால் பதறிப் போவோம். ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். திரவமாக உள்ளே போகும் சர்க்கரை வயிற்றை நிரப்பாது. அதனால் சாப்பாடும் குறையாது. அப்புறம் கல்லீரலில் கொழுப்பு சேரும், பல் சொத்தையாகும், சர்க்கரை நோயும் எளிதில் வரும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது.

இலங்கையில் 2016 முதல் குளிர்பானங்களில் சர்க்கரை அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் அது புரியும். நம் பாட்டில்களிலோ அந்த விவரம் பின்பக்கம், பொடி எழுத்தில். முன்பக்கம் பெரிதாகப் போடச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை