அந்த இருவரின் கைகளைக் கோத்து வரையுங்கள்

வேற்றுலக உயிர்களுக்கு மனித இனத்தின் சார்பில் செய்தி எழுதும் அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மனிதர்களை வரைந்து அனுப்பும்போது, ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருப்பவர்களாக வரையுங்கள்.

1972-இல் பயனியர் 10 விண்கலத்தில் பொருத்திய தகட்டில் ஓர் ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். அவன் வலக்கையை உயர்த்தியிருக்கிறான்; அவள் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறாள். நடுவே இடைவெளி. முதலில் கைகோத்தபடி வரையத்தான் தகட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான வானியலாளர் கார்ல் சேகன் எண்ணியிருந்தார். பார்க்கும் உயிர் இரண்டையும் சேர்த்து ஒரே உடல் என்று நினைத்துவிடுமோ என்றுதான் பிரித்தார்கள். காரணம் புரிகிறது, மனம்தான் ஒப்பவில்லை. மணப்பதைக் கைப்பிடிப்பது என்றும், துணையின்றித் தவிக்கவிடுவதைக் கைவிடுவது என்றும் சொல்லும் மொழியில் வளர்ந்தவன் நான். அந்தப் படம் என் கண்ணுக்குக் கைவிடப்பட்ட இருவராகவே தெரிகிறது.

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். மூச்சு ஓரளவு நிலைப்பட்டதும், செவிலியர் ஒருவர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, அவளை வெற்று மார்பில் தவளைக்குஞ்சு போலக் கவிழ்த்துத் துணியால் கட்டிவிட்டார். கங்காரு பராமரிப்பு என்றார். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1970-களின் இறுதியில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில் தொடங்கிய முறை அது. தோலோடு தோல் சேர்ந்தால் குழந்தையின் உடல் சூடும் மூச்சும் சீராகின்றன. சற்று நேரத்தில் என் நெஞ்சு முடியை இரண்டு விரல்களால் பற்றிக்கொண்டு தூங்கிப்போனாள். வலித்தது. அசையாமல் கிடந்தேன்.

1977-இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற பொன் இசைத்தட்டில் முத்தத்தின் ஓசையைச் சேர்த்தீர்கள். 55 மொழி வாழ்த்துகளில் தமிழ் இல்லாத குறை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த முத்தத்துக்காக உங்களுக்கு நன்றி சொல்வேன். ஆனால் கேட்பதற்குக் காது வேண்டுமே. வியாழன் கோளின் நிலவான யூரோப்பாவின் பனிப்பாறைக்குக் கீழே கடல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். வெளிச்சமே எட்டாத அந்தக் கடலில் ஓர் உயிர் இருந்தால் அதற்குக் கண் எதற்கு? நம் கடல்களின் ஆக்டோபஸ், கைகளின் உறிஞ்சிகளால் தொட்டே சுவை அறிகிறது. அந்த உயிரும் தன் இரையை, இணையை, குஞ்சை அப்படித் தடவித்தானே அறியக்கூடும்?

பயனியர் தகட்டின் கோடுகள் செதுக்கப்பட்டவை. தடவினால் தட்டுப்படும். அப்படி ஓர் உயிர் தடவிக்கொண்டே வந்து, ஆணின் தோளைத் தாண்டியதும் வெறுமையில் விழ வேண்டாம். கோத்த கையின் வழியே பெண்ணிடம் போய்ச் சேரட்டும். இது ஒன்றா இரண்டா என்று குழம்பினால் குழம்பட்டும். மகளை மார்பில் கட்டியிருந்த அந்த நாள்களில், துடிப்பது யாருடைய நெஞ்சு என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்